பூண்டுத் தோல்

மூஞ்சிக்கல்லில் நவம்பர் மாதம்
சாயம் காய்வதில்லை.
தாளை நனைத்து நீலத்தைத் தொட்டு வைத்தால்
அது தன் போக்கில் நடந்து
ஏரிக்கு வெளியே போய் நிற்கும்.
ஜன்னலைச் சாத்தினாலும்
கதவிடுக்கு வழியாக மஞ்சு வந்து
நான் கேட்காத வானத்தை
வரைந்துவிட்டுப் போகும்.

இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து
அதன் சூட்டில் ஒவ்வொன்றாய்க் காட்டுகிறேன்,
அப்பளம் சுடுகிற மாதிரி.
கரண்ட் போனால் அதுவும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு நாற்பது, புது வருஷத்துக்கு அறுபது.
எல்லாருக்கும் படகு வேண்டும்.
பூக்காத வருஷத்திலும் குறிஞ்சி வேண்டும்.
ஓரத்தில் சம்கி, மூலையில் சாட்டின் நாடா,
நட்சத்திரத்துக்குத் தங்க ஜிகினா.
அது ஒரு வாரமாகச் சோற்றில் மினுங்குகிறது.
"தங்கபஸ்பம்" என்கிறார் வீட்டுக்காரர்,
தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து.

அன்றைக்கு வந்தவர் படகு கேட்கவில்லை.
பூம்பாறைக்காரர். குழந்தைவேலு.
கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் என்றார்,
குல்லாயைக் கழற்றி மடியில் பிடித்துக்கொண்டு.
"கல்யாண வாழ்த்து ஒண்ணு."
யாருக்கு என்றேன், உறையில் பெயர் எழுத.
"எம் பொஞ்சாதிக்கு."
பிறகு தானே திருத்திக்கொண்டார்.
"பொஞ்சாதியா இருந்தவளுக்கு.
ஞாயித்துக்கெழம. தேனியில."

தூரிகை தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்தது.
அது விட்ட பச்சை
அடிவரை இறங்கி முடிகிற மட்டும்
நான் ஒன்றும் சொல்லவில்லை.

தயாராக இருந்ததைக் காட்டினேன்.
இரட்டை அன்னம். மாவிலை. வெள்ளி மணி.
அன்னத்தை ஒரு விரலால் தள்ளி வைத்தார்.
"எங்க ஊரப் போடுங்க. படிப்படியா இருக்கும்ல,
அந்த மேட்டுக் காட்ட. ஆளு வேணாம்."

ஆள் இல்லாத காடு சுலபம்.
ஒரு பச்சை, அது பாதி காய்ந்ததும் இன்னொன்று.
விளிம்பு விளிம்பாகத் தானே பிரிந்து
பள்ளத்துக்கு இறங்கியது.
வெள்ளையை மட்டும் வரைய முடியாது,
விட்டுவைக்கத்தான் முடியும்.
வீடு இருக்க வேண்டிய இடத்தை
அவர் சொல்லாமலே விட்டுவைத்தேன்.

மேலே ஒட்ட என்ன?
சம்கி டப்பாவைத் திறந்தேன், மூடினேன்.
அவர் ஸ்வெட்டர் மடிப்பில்
பூண்டுத் தோல் ஒன்று ஒட்டியிருந்தது.
ஓரத்தில் மட்டும் ரோஜா நிறம்,
மூச்சுப் பட்டால் பறக்கிற கனம்.
கேட்டேன். சாக்குப் பையை உதறி
ஒரு கை நிறையக் கொடுத்தார்.
கோந்து தொட்டு, இடுக்கியால் பிடித்து
ஐந்தாறை அடுக்கினேன்.
பூ என்றால் பூ.
"வாசம் வருமே" என்றார்.
"வரட்டுமா, வேண்டாமா?"
பதில் சொல்லாமல் மணி பார்த்தார்.
என் சுவர்க்கடிகாரம் நின்று மாசமாகிறது.

உள்ளே எழுதுவது அவரவர் பாடு.
மைப்பேனாவைக் கொடுத்துவிட்டு
அடுப்பைப் பார்க்கப் போனேன்.
பால் இரண்டு தடவை பொங்கி அடங்கியது.
திரும்பி வந்தால் அட்டையை மூடி வைத்திருக்கிறார்.
"ஐயோ, மை காஞ்சிருக்காதே!"
பதறித் திறந்தேன்.
வலப்பக்கம் நேராகவும்
இடப்பக்கம் முகம் திருப்பிக்கொண்டும்
ஒரே எழுத்து:

தேனியில் வெயில் அதிகம்.
உடம்பப் பாத்துக்க.

"வேற போட்டுத் தரட்டுமா?"
இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.
"இருக்கட்டும்க்கா.
ஒரு தடவ சொன்னா அவ காதுல வாங்க மாட்டா."

நூற்றிருபதை எண்ணி வைத்தார்.
அட்டையைப் பனியனுக்குள் செருகி
அதன்மேல் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார்.
ஏதாவது ஒரு சூட்டில் அது காயத்தான் வேண்டும்.

பஸ் ஹாரன் வளைவுக்கு வளைவு மெலிந்தது.
முப்பத்தெட்டாவது படகுக்கு
இன்னும் துடுப்பு போடவில்லை.
உட்கார்ந்து பார்த்தால்
மஞ்சு எனக்கு முன்னால் வந்திருக்கிறது.
பாதி ஏரியைக் காணோம்.